ஒரு சொட்டு நல்லெண்ணெய்

என் பிரியமுள்ள அப்பாவுக்கு,

துரை எப்படி இருக்கிறார் என்றுதான் முதலில் கேட்பீர்கள். அம்மா எப்படி இருக்கிறாள் என்பது இரண்டாவது கேள்வி, என்னைப் பற்றியது மூன்றாவது. இந்த வரிசை எனக்குப் பழக்கம்தான். ஆனால் இந்தத் தடவை உடனே பதில் சொல்வதாக இல்லை. இத்தனை மாதமாகப் பேசாமல் இருப்பவர் நீங்கள்தானே? கொஞ்சம் காத்திருங்கள்.

நம் காலனித் தமிழர்கள் கொண்டுவரும் ஆண்டு மலரில் உங்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். 'பண்பாளர், சிரித்த முகத்தினர்' என்று நாலு வரி எழுதிக் கொடு போதும் என்றார்கள். நீங்கள் சிரித்த முகம் காட்டியது அந்தக் காருக்கு மட்டும்தான் என்பதை நாலு வரியில் எப்படி எழுதுவது? அதனால்தான் கடிதமாக எழுதுகிறேன். தில்லியில் பிறந்தவள், ரகரத்துக்கும் றகரத்துக்கும் எனக்கு எப்போதும் தகராறுதான். பெரியப்பா திருத்தித் தருவார். ஆமாம், பெரியப்பாவும் இதைப் படிப்பார். படிக்கட்டும்.

உங்களுக்குத் தெரிந்ததைப் படிக்கிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். துரை என்பது எங்கள் கார். இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் இங்கிலாந்தில் செய்தது. கறுப்பு உடம்பு, தவளைக் கண் மாதிரி இரண்டு விளக்கு. வெள்ளைக்காரன் விட்டுப்போன கார் என்பதால் அப்பா அதற்குத் துரை என்று பெயர் வைத்தார். 'துரை எழுந்திருக்க மாட்டேங்கிறார்', 'துரைக்கு இன்னிக்கு இருமல்' என்றுதான் எங்கள் வீட்டில் பேச்சு. அம்மா மட்டும் அதைச் 'சவம்' என்பாள். திருநெல்வேலிக்காரர்களுக்கு அது எவ்வளவு சகஜமான வசவு என்று தெரியும். 'அந்தச் சவத்துக்கடியிலதான் கெடக்காவ, போய்ச் சாப்பிடக் கூப்பிடு' என்பாள்.

அப்பா, அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் செய்ததை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. துரையின் வயிற்றுக்கடியில் இருக்கும் பித்தளை மூடியைக் கழற்றிப் பழைய எண்ணெய் முழுவதையும் வடித்துவிட்டீர்கள். டிரெயின் பிளக். அதற்கும் எண்ணெய்த் தொட்டிக்கும் நடுவே இருக்கும் செப்பு வளையத்தை, அந்த வாஷரை, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, 'இது தேஞ்சு போச்சுட்டி, புதுசு வாங்கிட்டு வந்து அடுத்த ஞாயிறு மாட்டுவோம்' என்றீர்கள். பிளக்கையும் வாஷரையும் கொட்டாங்கச்சியில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப் போட்டீர்கள். அடுத்த ஞாயிறு உங்களுக்கு வரவே இல்லை. ஆபீஸ் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டீர்கள் என்று வந்து சொன்னார்கள்.

காரியத்துக்கு வந்தவர்கள் பின்வராந்தாவைக் கழுவும்போது அந்தக் கொட்டாங்கச்சியைக் குப்பைக்கூடையில் போடப் போனார்கள். நான் ஓடிப் போய்ப் பிடுங்கிக்கொண்டேன். பிளக்கை உங்கள் கைக்குட்டையில் சுற்றி என் கைப்பையில் வைத்தேன். அதற்கப்புறம் ஆபீஸ், பஸ், ரேஷன் கடை எங்கே போனாலும் அது என்னோடு வந்தது. பஸ்ஸில் கண்டக்டருக்குச் சில்லறை தேடும்போது விரலில் தட்டும்.

வேலையில் இருக்கும்போதே இறந்தவரின் குடும்பத்துக்கு அரசாங்கக் குவார்ட்டர்ஸில் கொஞ்ச காலம்தான் இடம். வெயில் காலம் பிறந்ததும் சரோஜினி நகர் வீட்டை ஒப்படைக்கச் சொல்லி ஆள் வந்துவிட்டார். ஜனக்புரியில் இருக்கும் பெரியப்பா, உங்கள் அண்ணன், அடுத்த நாளே வந்து உட்கார்ந்தார். நல்ல மனசு, இல்லையென்று சொல்லவில்லை. 'ரெண்டு பேரும் நம்ம வீட்டுக்கு வந்திருங்க. வேற பேச்சே கெடயாது' என்றார். அப்புறம் ஜன்னல் வழியாகத் துரையைப் பார்த்தார்.

'அது வேண்டாம்' என்றார்.

நான் கெஞ்சினேன் அப்பா. யாரிடமும் கெஞ்சாதவள் கெஞ்சினேன். 'அது ஓடாது, எண்ணெய் வடிச்சுப் போட்டது, உங்கப்பன் மாதிரியே பிடிவாதம் பிடிக்காத' என்று என்னென்னவோ சொன்னார். கடைசியில் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

'சரி, வரட்டும். ஆனா ஒண்ணு. முன்வாசல் மொசைக் நான் கல்லு கல்லாப் பொறுக்கிப் போட்டது. அதுல ஒரு சொட்டு எண்ணெய் விழுந்துதுன்னா அன்னைக்கே பழைய இரும்பு எடுக்கிற கபாடிவாலாவக் கூப்பிட்டு எடை போட்டுருவேன். பொறவு அழப்படாது.'

அம்மா சமையலறைத் திரைக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் பெரியப்பா முன்னால் வந்து நின்றதில்லை, நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. தம்பி பெண்டாட்டி மூத்தவர் எதிரே நிற்கக்கூடாது என்பது உங்கள் வீட்டு வழக்கம். 'அத்தானுக்கு இன்னொரு காப்பி வேணுமான்னு கேளுட்டி' என்று என் மூலமாகத்தான் எல்லாம் போகும், வரும். அன்றைக்கும் திரைக்கு அந்தப் பக்கமே நின்றாள்.

ஒரு சொட்டு என்கிறாரே! ஐம்பது வருஷத்துக் காரிடம் போய் ஒரு சொட்டுகூட விழக்கூடாது என்றால் என்ன செய்வது? ஆனால் துரை கபாடிக்குப் போனால் நீங்கள் இரண்டாவது தடவை போன மாதிரி. அதை என்னால் தாங்க முடியாது. அவ்வளவுதான், இதில் வேறு விளக்கம் இல்லை.

வீட்டை ஒப்படைப்பதற்கு முந்தைய நாள் குர்பச்சன் சிங்கைக் கூட்டிவந்தேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கிறாரே, ஞாயிறு தவறாமல் உங்களோடு சண்டை போட்டுவிட்டு நம் வீட்டில் இட்லி சாப்பிட்டுப் போவாரே, அதே சர்தார்ஜிதான். துரையின் பம்பரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் கீழே படுத்தார். எனக்கு அப்போதே பாதி தைரியம் வந்துவிட்டது.

எண்ணெய்த் தொட்டியை மண்ணெண்ணெய் விட்டு அலசினார். துளைக்குள் விரலை விட்டுச் சுழற்றி, வெளியே எடுத்து, இரும்புத்தூள் ஏதும் இருக்கிறதா என்று நகத்தைப் பார்த்தார். 'சாஃப் ஹை', சுத்தமாக இருக்கிறது என்றார். பிளக்கை உங்கள் கைக்குட்டையிலிருந்து பிரித்துக் கொடுத்தேன். காஷ்மீரி கேட் கடைகளில் அந்த அளவுக்குப் புது வாஷர் கிடைக்கவில்லை, பழையதையே போட்டு மாட்டினார். பழைய செம்பு கல் மாதிரி இறுகிப்போயிருக்கும், அடுப்பில் காட்டிப் பதப்படுத்திய பிறகுதான் அப்பா மாட்டுவார் என்று சொன்னேன். 'ஹோ ஜாயேகா பேட்டி, ஹோ ஜாயேகா', எல்லாம் சரியாகிவிடும் மகளே என்றார். புது எண்ணெயை ஊற்றினோம்.

நான் மேலே எண்ணெய் அளவுகோலை உருவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தவள், வராந்தாப் படியில் உட்கார்ந்திருந்ததால் காருக்கடியில் நேராகப் பார்வை போயிருக்கிறது. பிளக்கின் ஓரத்தில் எண்ணெய் துளிர்ப்பதைப் பார்த்துவிட்டாள். அவளுக்கு அவசரம் வந்தால் எந்த ஊரில் இருந்தாலும் தமிழ்தான்.

'கசியுதே! ஏய்யா, கசியுதே! கசியுதே!'

கீழேயிருந்து சர்தார்ஜியின் குரல் வந்தது: 'ஹாஞ்ஜி மாதாஜி, ஹாஞ்ஜி!' ஸ்பானர் முனகியது.

'இன்னும் கசியுதே! கசியுதே!'

'அச்சா ஜி, அவுர் லோ!' மறுபடியும் ஸ்பானர்.

எனக்குப் புரிவதற்குள் காரியம் கெட்டுவிட்டது அப்பா. ஹிந்தியில் 'கஸ்' என்றால் இறுக்கு. 'கஸியே' என்றால் மரியாதையாக, 'இறுக்குங்கள்'. நம் அம்மா எண்ணெய் கசிகிறது என்று கத்த, அந்த மனுஷர் இறுக்குங்கள், இறுக்குங்கள் என்று கேட்டு, மாதாஜி சொல்லைத் தட்டக்கூடாதென்று உடம்பு பலத்தையெல்லாம் கூட்டித் திருகியிருக்கிறார். தொட்டி அலுமினியம், பிளக் பித்தளை. 'போதும், கையால் இறுக்கிவிட்டு ஒரு கால் சுற்று, அதற்கு மேல் திருகினால் துரை உயிரை விட்டுவிடுவார்' என்பீர்கள். ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஸ்பானர் சும்மா சுற்றியது.

சர்தார்ஜி காருக்கடியிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டினார். தாடியில் எண்ணெய். முகம் செத்துப்போயிருந்தது.

'சூடி மர் கயீ' என்றார்.

திருகாணியின் புரிக்கு ஹிந்தியில் சூடி என்று பெயர். புரி தேய்ந்துபோனால் 'சூடி செத்துப்போச்சு' என்பது பட்டறைப் பேச்சு. ஆனால் சூடி என்றால் வளையலும்தான். அம்மாவுக்குத் தெரிந்த ஹிந்தி, கடைத்தெரு ஹிந்தி. அவளுக்குத் தெரிந்த சூடி வளையல் மட்டும்தான். அவள் தன் வெறும் கைகளை ஒரு தடவை பார்த்தாள். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

யார் பின்னால் ஓடுவது, சொல்லுங்கள். உள்ளே அம்மா, வெளியே புது எண்ணெய் கொடகொடவென்று ஊற்றுகிறது. துணி ஊறவைக்கும் தகரத் தொட்டியை இழுத்து அடியில் தள்ளினேன். சர்தார்ஜி துளையை உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு, 'மாதாஜிதானே சொன்னார்கள், கஸியே, கஸியே என்று' எனத் திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அவரையும் சேர்த்துத் திட்டியிருப்பேன். ஆனால் அவர் கண் கலங்கியிருந்தது.

துளையைப் பெரிதாக்கிப் புதுப் புரி போட வேண்டும், அதற்கேற்ற பருத்த பிளக் ஒன்றைக் கடைந்தெடுக்க வேண்டும். வேறு வழியில்லை. அவர் துளையைக் கவனிக்க, நான் பழைய பிளக்கை மாதிரிக்கு எடுத்துக்கொண்டு கோட்லாவில் இருக்கும் லேத் பட்டறைக்கு ஓடினேன். வெயில் மண்டையைப் பிளந்தது. லேத்காரர் பிளக்கை மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

'இந்தப் புரி இங்கிலீஷ்காரனோடு கப்பலேறிவிட்டதே, பெஹன்ஜி' என்று ஹிந்தியில் சொன்னார்.

'கார் ஏறவில்லை. எங்கள் வீட்டில்தான் நிற்கிறது' என்றேன்.

சிரித்துக்கொண்டே ஒரு பித்தளைக் கம்பியை லேத்தில் பூட்டினார். தலை வந்தது, கழுத்து வந்தது, புரி போட ஆரம்பித்தார். பாதிப் புரியில் கரண்ட் போய்விட்டது.

தெருவே அடங்கிப்போனது. பிளக்கை லேத்திலிருந்து கழற்றக்கூடாது, கழற்றினால் மறுபடி அதே இடத்தில் புரி உட்காராது என்றார். கரண்ட் எப்போது வரும் என்று கேட்டேன். 'வரும்போது வரும்' என்றார். மறுநாள் காலை சாவி வாங்க ஆள் வந்துவிடுவார். துரை காலில்லாமல் நின்றால் காலனிக்குள் வரும் முதல் கபாடிவாலாவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். அந்த ஸ்டூலில் உட்கார்ந்து உங்களைத் திட்டினேன். வாய்விட்டுத்தான். தமிழ் யாருக்குப் புரியப் போகிறது? வடித்த எண்ணெயை அன்றைக்கே ஊற்றி மூடியிருந்தால் என்ன? அடுத்த ஞாயிறு என்று எந்த நம்பிக்கையில் சொன்னீர்கள்? எங்களிடம் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக்கூடாதா?

லேத்காரர் டீ வரவழைத்து என் பக்கம் நகர்த்தினார். டீ ஆறி ஏடு கட்டிய பிறகுதான் தலைக்கு மேலே விசிறி சுழன்றது. லேத் மறுபடி உறுமியது.

புதுப் பிளக்கோடும், அதற்குப் பொருத்தமாக அவர் டப்பாவைத் துழாவி எடுத்துக் கொடுத்த செப்பு வாஷரோடும் வீட்டுக்கு வந்தேன். சர்தார்ஜி துளையை முடித்து, சீவல்களை அலசி வெளியேற்றியிருந்தார். அம்மா காலியான சமையலறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். மண்ணெண்ணெய் ஸ்டவ் ஒன்றுதான் கட்டாமல் மிச்சம்.

'நான் கசியுதுன்னுதானட்டி சொன்னேன். அந்த ஆளு என்னத்துக்கு அப்படிப் போட்டு முறுக்கினாரு?'

சொன்னேன். கஸியே என்றால் என்னவென்று விளக்கினேன். செத்துப்போனது புரிதான், வளையல் இல்லை என்றும் சொன்னேன். அம்மா என்னையே பார்த்தாள். அப்புறம் அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பதறிவிட்டேன். சிரிக்கிறாள்! முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, 'அட கடவுளே, நானே இறுக்கு இறுக்குன்னு சொல்லிக் கொன்னுருக்கேனே' என்று சிரிக்கிறாள். நீங்கள் போன பிறகு அந்தச் சிரிப்பை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள். 'அந்த வளையத்தக் கொண்டா.'

ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். இடுக்கியால் வாஷரைப் பிடித்துத் தீயில் காட்டினாள். முதலில் கறுத்தது, அப்புறம் மெல்ல மெல்லச் சிவந்தது. நான் போதும் என்றேன். 'இரு. அவசரப்படாத' என்றாள். செங்காவி நிறம் வந்ததும் சொம்புத் தண்ணீரில் போட்டாள். சுர்ரென்று சத்தம்.

'இந்தச் சத்தம் வந்தாத்தான் பதம்னு சொல்லுவாவ' என்றாள்.

'உனக்கு எப்படிம்மா தெரியும்?'

'எவ அடுப்புல செஞ்சாவ? குழம்ப எறக்கு, ஒரு நிமிசம் அடுப்பத் தாண்ணு வந்து நிப்பாவள்லா? பாக்காம நான் எங்க போவேன்?'

அப்பா, உங்களுக்கு இது தெரியுமா? இத்தனை வருஷமும் அவள் எரிச்சலோடு முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள் என்றல்லவா நாம் இருவரும் நினைத்தோம்?

சர்தார்ஜி மறுபடி கீழே படுத்தார். மிருதுவாகிப்போன வாஷரைப் பிளக்கில் கோத்து, கையால் திருகி, அப்புறம் ஸ்பானரை எடுத்தார். அம்மா வராந்தாவில் முந்தானையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டு நின்றாள். கால் சுற்று வந்ததும் பொத்தியதை எடுத்துவிட்டு, 'பஸ், பையா! பஸ்!' என்று, போதும் என்பதை ஹிந்தியிலேயே சொன்னாள். சர்தார்ஜி உடனே ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டார். தகரத் தொட்டியில் பிடித்த எண்ணெயை அம்மாவின் பழைய மல் துணியில் வடிகட்டி மறுபடி ஊற்றினோம். கீழே விரலை வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

மறுநாள் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். நானே ஓட்டுகிறேன் என்றேன், அந்த விஷயத்தில் உங்கள் மகள்தான். அம்மா பின் சீட்டில், மடியில் சாமி படங்களும் ஒரு டின் எண்ணெயும். சர்தார்ஜி பானட்டைத் தட்டி 'வாஹே குரு' என்றார். தௌலா குவான் வரைக்கும் துரை நல்ல பிள்ளையாக வந்தார். கண்டோன்மென்ட் ரோட்டில் ஏறும்போது எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் சரிய ஆரம்பித்தது. வெயிலில் எண்ணெய் தண்ணீராக இளகும், முள் கொஞ்சம் இறங்கும், தெரியும். ஆனால் எவ்வளவு இறங்கலாம் என்று நீங்கள் எனக்குச் சொல்லவில்லையே! ஸ்டியரிங் என் உள்ளங்கை வேர்வையில் வழுக்கியது. எஞ்சின் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் நின்றுவிட்டால் அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது.

ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினேன். புடவையோடு ரோட்டில் மண்டியிட்டுக் குனிந்து பார்த்தேன். கீழே ஈரம். சொட்டிக்கொண்டிருக்கிறது.

'என்னட்டி, கசி...' என்று ஆரம்பித்த அம்மா சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

விரலால் தொட்டேன். தண்ணீர். ரேடியேட்டர் கொதித்து வழிகிற வெறும் தண்ணீர். அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் சைக்கிளில் போன ஒருவர் இறங்கி வந்து, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார். துரைக்குத்தான் என்றேன். எஞ்சின் ஆறும்வரை அங்கேயே இருந்துவிட்டுக் கிளம்பினோம். முள் ஏறி நின்றது.

ஜனக்புரியில் பெரியப்பா வாசலில் காத்திருந்தார். பளபளவென்று துடைத்த வெள்ளை மொசைக். துரை உள்ளே வந்து நின்றதும் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை விரித்துச் சரியாக எஞ்சினுக்கடியில் தள்ளினார். கல்யாண விளம்பரப் பக்கம். எனக்காக அங்கங்கே பென்சிலால் கோடு வேறு போட்டு வைத்திருந்த பக்கம்.

'காலையில பாப்போம்' என்றார்.

காலையில் பார்த்தோம். பெரியப்பா பல் தேய்த்துவிட்டு நேராக வந்து குனிந்து பேப்பரை இழுத்தார். நான் பின்னாலேயே நின்றிருந்தேன். பென்சில் கோடு போட்ட ஒரு மாப்பிள்ளையின் மேலே, வட்டமாக, ஒரு சொட்டு. ஒன்றே ஒன்று. புது எண்ணெய்தானே, தேன் நிறத்தில் பளிச்சென்று இருந்தது.

பெரியப்பா நிமிர்ந்தார். 'நான் சொன்னேன்லா, கோமதி' என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தெருவில் எங்கேயோ 'கபாடீ...' என்று ஒரு குரல் வேறு கேட்டது. இப்போதுதானா வர வேண்டும்?

அப்போது அம்மா வந்தாள். கதவுக்குப் பின்னால் நிற்கவில்லை, திரைக்குப் பின்னால் நிற்கவில்லை. கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு வாசலுக்கு வந்து பெரியப்பாவுக்கு நேர் எதிரே நின்றாள்.

'அது நல்லெண்ணெய், அத்தான்' என்றாள். 'வெளக்குக்கு ஊத்தலாம்னு எடுத்துட்டு இந்தப் பக்கமா வந்தேன். கை நடுங்கிச் சிந்திட்டு.'

பெரியப்பா அவளைப் பார்த்தார். அவள் தலையைக் குனியவில்லை. அவர் மெதுவாகக் குனிந்து அந்தச் சொட்டை விரலால் தொட்டார். மூக்குக்குக் கொண்டுபோனார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கலாம். ஆனால் ஊரிலிருந்து ரயிலில் டின் டின்னாக வரவழைத்து, ஆயுசு முழுக்க நல்லெண்ணெய் சாப்பிட்ட மனுஷருக்கு வாசனை தெரியாமலா போகும்?

மோந்துகொண்டே இருந்தார். துரையைப் பார்த்தார். மறுபடி அம்மாவைப் பார்த்தார். அவர் உதடு கோணியது. அழுகையை அடக்கும்போது நீங்களும் அப்படித்தான் செய்வீர்கள்.

'நல்லெண்ணெய்தான்' என்றார். 'கை நடுங்கத்தான் செய்யும், பார்வதி. என்ன செய்ய? பாத்து ஊத்து.'

ஒரு பொட்டு அழுக்கைப் பொறுக்காதவர், அந்த விரலைத் தன் வெள்ளை வேட்டியில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

இதுதான் அப்பா சேதி. துரை இருக்கிறார். வாரத்துக்கு ஒரு தடவை என்னையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போய் வருகிறார். ஆனால் அந்தச் சொட்டு நிற்கவில்லை. ராத்திரிக்கு ஒரு சொட்டு, அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. பெரியப்பா தினமும் காலையில் பேப்பரை மாற்றுகிறார். மாற்றிவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார், 'பார்வதி, இன்னைக்கும் கை நடுங்கிட்டு போலருக்கே!' அம்மா வாசலுக்கே வந்து பதில் சொல்வாள். 'ஆமா அத்தான், என்ன செய்ய, வயசாவுதுல்லா!' அப்படியே அங்கேயே நின்று இருவரும் பேசுவார்கள். உங்களைப் பற்றித்தான். நீங்கள் சின்ன வயதில் செய்த சேட்டைகள் எல்லாம் எனக்கு இப்போதுதான் தெரிய வருகின்றன.

போன வாரம் அம்மா, 'அந்தச் சவத்துக்கு ஹார்ன் சரியா அடிக்க மாட்டேங்குது, என்னன்னு பாரு' என்றாள். சவம்! நீங்கள் போன பிறகு அவள் சொல்லாமலே இருந்த வார்த்தை. நான் உள்ளே போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தேன்.

குர்பச்சன் சிங் வந்தார். கீழே படுத்துப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு இழை திருகினால் சொட்டு நின்றுவிடும் என்றார். 'கஸ் தூம்?', இறுக்கிவிடட்டுமா என்று கேட்டார். வாசலில் பெரியப்பாவும் அம்மாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உங்களுக்கு இது பிடிக்காது, தெரியும். கசிகிற பிளக்கை வைத்துக்கொண்டு கார் ஓட்டுகிறாளே என்று தலையில் அடித்துக்கொள்வீர்கள். அடித்துக்கொள்ளுங்கள். ஞாயிறுதோறும் அளவுகோலை உருவிப் பார்த்து, குறைந்ததை ஊற்றி வைக்கிறேன். துரை ஒரு நாளும் காய்ந்து கிடக்க மாட்டார். எண்ணெயை வடித்தால் அன்றைக்கே ஊற்றி மூடிவிடுவேன், அடுத்த ஞாயிறுக்கென்று எதையும் போட்டு வைக்க மாட்டேன். ஆனால் அந்தப் பிளக்கை மட்டும், இவர்கள் இரண்டு பேரும் அந்த வாசலில் நின்று பேசுகிற வரைக்கும், நான் இறுக்க மாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

துரைக்கும் அம்மாவுக்கும் இப்போதைய டிரைவர்,
உங்கள் மகள்
கோமதி